ட்யூட்டோரியல் வருது

அவர் பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. பாடம் நடத்த எந்தச் சாப்ட்வேர் நல்லது என்று பேசித்தான் பார்த்திருக்கிறேன். செங்கல்பட்டுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு கலை அறிவியல் கல்லூரியில் அவர் தலைமை நூலகர், நான் உதவி நூலகர். மூன்று வருடம் அவர் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தனை நாளும் அந்த மனிதர் எதையாவது தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார். தேர்ந்தெடுத்ததை வைத்து ஒரு வேலை செய்து நான் கண்டதில்லை.

பெயரைச் சொல்லப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. சொன்னால், தன்னைப் பற்றிக் கட்டுரை வந்திருக்கிறது என்று அதையும் சுயவிவரத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்வார். செய்யக்கூடியவர்தான்.

ஆள் பார்வைக்கு நன்றாக இருப்பார். மனைவிக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகக் காரில் வருவார். கசங்காத முழுக்கைச் சட்டை, கையில் ஒரு டேப்லெட். அதில் எழுதுவதற்கென்று தனியாக ஒரு பேனா உண்டு. தச்சர் பென்சில் செருகுவதுபோல அதைக் காதில் செருகியிருப்பார். தச்சராவது அந்தப் பென்சிலை எடுத்து ஒரு கோடு போடுவார்.

கேன்டீனில் அவரோடு நிற்பது ஒரு தண்டனை. வடையா போண்டாவா என்று யோசிப்பார். எண்ணெய் என்ன எண்ணெய், எப்போது மாற்றியது என்று விசாரிப்பார். பின்னால் வரிசை நீளும். பிள்ளைகளுக்கு மணி அடித்துவிடும். கடைசியில், “ரெண்டுமே வேணாம், டீ மட்டும் குடுங்க” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடிப்பார். எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்துத் தள்ளிவிட்ட திருப்தி முகத்தில் இருக்கும்.

கொரோனா முடிந்து கல்லூரி திறந்த சமயத்தில் அவர் வந்து சேர்ந்தார். நூலகத்தைப் பயன்படுத்துவது எப்படி என்ற பாடங்களை எல்லாம் ஆன்லைனில் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தது. அதற்காகவே அவரை எடுத்தார்கள். அதுவரை அந்தப் பாடங்களை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வகுப்பும் வாரத்தில் ஒரு மணி நேரம் நூலகத்துக்கு வரும். ஆய்வுக் கட்டுரையை எங்கே தேடுவது, எதை நம்புவது, அடுத்தவர் எழுதியதை எடுத்தால் எப்படிச் சொல்லி எடுப்பது, இவ்வளவுதான் பாடம். தமிழில் சொல்வேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். முதல் இரண்டு வாரம் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது வாரம் கேள்வியால் துளைப்பார்கள். அந்த மூன்றாவது வாரத்துக்காகத்தான் நான் கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் ரயில் ஏறிக்கொண்டிருந்தேன்.

வந்த மாதத்திலேயே அதை நிறுத்தினார்.

“மேடம், இனிமே இந்த க்ளாஸ் எல்லாம் நேர்ல வேணாம்.”

“ஏன் சார்? பசங்க ஆசையா வந்து கேக்குறாங்களே.”

“அதான் பிரச்சினை. நீங்க நேர்லயே சொல்லிக் குடுத்துட்டா ஆன்லைன்ல யார் பார்ப்பாங்க? வியூஸே வராது. ட்யூட்டோரியல் வருது, பொறுங்க.”

இந்த ‘வருது’ அன்றைக்கு ஆரம்பித்தது. பிள்ளைகள் யாராவது டேபிள் அருகே வந்து, “சார், இந்த ஜர்னல் எப்படி எடுக்குறது?” என்று கேட்டால், தலை நிமிராமல், “ட்யூட்டோரியல் வருதுப்பா” என்பார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். பக்கத்தில் உட்கார வைத்து அரை நிமிடத்தில் காட்டிவிடக்கூடிய விஷயம்.

எங்கள் அட்டெண்டர் தணிகாசலம் புத்தகங்களை அடுக்கியபடியே என் பக்கம் குனிந்து கேட்பார். “இன்னா மேடம், வருது வருதுன்னு சொல்லிகினே கீறாரு. எந்த ட்ரெயின்ல வருது அது?”

வந்தவர்கள் சாப்ட்வேர் விற்பனைப் பிரதிநிதிகள். வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். அவர் ஏ.சி.யைக் கூட்டிவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் மாமா பேசுவதுபோலப் பேசுவார். இது திரையைப் பதிவு செய்யுமா, அது நடுவில் கேள்வி கேட்குமா, இன்னொன்றில் பொம்மை பேசுமா. ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கலாம் என்பார்கள். வாங்கி வைத்துக்கொள்வார். அந்த ஒரு மாதத்தில் ஒருநாள்கூட அதைத் திறக்க மாட்டார். முடிந்ததும், “நம்ம காலேஜுக்கு இது செட் ஆகாது” என்று எங்களிடம் அறிவிப்பார். நம்ம காலேஜுக்கு எது செட் ஆகும் என்று நம்ம காலேஜில் படிக்கிற ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை. உங்களிடம் லேப்டாப் இருக்கிறதா, போன்தானா, ஊரில் சிக்னல் கிடைக்குமா, ஆங்கிலத்தில் பேசினால் புரியுமா. இந்த நாலு கேள்வியைக் கேன்டீன் வரிசையில் நின்றபடியே கேட்டிருக்கலாம். அங்கே அவர் எண்ணெயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து என் போனிலேயே ஒரு பாடத்தைப் பதிவு செய்தேன். திரையில் தேடிக் காட்டிக்கொண்டே தமிழில் பேசியது, சின்னச் சின்னத் துண்டுகளாக. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்தப் போனிலும் ஓடும், ரயிலில் போகும்போதே பார்க்கலாம். திங்கட்கிழமை அவரிடம் காட்டினேன். டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

“மேடம், பின்னாடி குக்கர் விசில் கேக்குது.”

“ஆமா சார், ஒரு இடத்துல. அதைத் திருப்பி எடுத்துடலாம்.”

“நாம என்ன சமையல் சேனலா நடத்துறோம்? ஒரு ஸ்டாண்டர்டு வேணாமா?”

அவ்வளவுதான். பாடத்தில் ஒரு வார்த்தை அவர் காதில் ஏறவில்லை, விசில் ஏறியது. அன்றிலிருந்து என்னை வெளியாட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, “மேடம் கொஞ்சம் பழைய ஸ்கூல்” என்று சொல்ல ஆரம்பித்தார். என்னைவிட அவருக்கு ஒன்பது வயது கூட.

கடைசியில் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக மாமல்லபுரத்துக்கு அருகே ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் கூட்டம். விற்கிற கம்பெனியே வண்டி அனுப்பியிருந்தது. கடலைப் பார்த்த கண்ணாடி அறை. பெரிய திரையில் ஓர் ஆந்தை வந்தது. கண்ணாடி போட்ட, கோட்டு மாட்டிய ஆந்தை. எந்த நாட்டு ஆங்கிலம் என்று சொல்ல முடியாத ஓர் ஆங்கிலத்தில், வாருங்கள், நூலகத்துக்குள் பறக்கலாம் என்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஏழு வயதுப் பையனுக்கு வர வேண்டிய சந்தோஷம்.

நான் கை தூக்கினேன். “இது போன்ல ஓடுமா?”

கம்பெனிக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொன்னார். “மேடம், காலேஜ் பிள்ளைங்க. கம்ப்யூட்டர்ல பார்த்துக்குவாங்க.” பிறகு அந்த ஆளிடம் திரும்பி, “முடிச்சா ஏதாவது சவுண்டு வருமா? கைதட்டுற மாதிரி?” என்றார்.

“வரும் சார்.”

“எத்தனை பேர் முடிச்சாங்கன்னு கணக்கு காட்டுமா?”

“காட்டும் சார். முழுசா பார்த்தவங்களை மட்டும் காட்டும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மேனேஜ்மெண்ட் பார்க்கும்போது அது கம்மியா தெரிஞ்சா நல்லா இருக்காது. திறந்தாலே முடிச்ச மாதிரி வைக்க முடியுமா?”

கம்பெனிக்காரர் சிரித்தார். “உங்களுக்காக வச்சிடலாம் சார்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். அவர் தட்டோடு நின்று, இறாலா மீனா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆந்தைக்கு நடுநடுவே நூலகரும் நேரில் தோன்றிப் பேசினால் நன்றாக இருக்கும் என்று கம்பெனி சொன்னது. உடனே நூலகத்தின் பின்னறையில் இருந்த பழைய பத்திரிகைகளைக் காலி செய்து, பச்சைத் துணி கட்டி, விளக்கு வைத்து, ஸ்டூடியோ என்று பலகை மாட்டினார். மைக்கை மட்டும் மூன்று முறை மாற்றினார். ஒருநாள் அவரே பேசுவதாக ஏற்பாடு. நானும் தணிகாசலமும் உள்ளே இருந்தோம். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம். இன்னைக்கு நாம ஒரு கட்டுரையை எப்படித் தேடுறதுன்னு...” என்று ஆரம்பித்தார். நின்றார். எதிரில் திரையில் தேடும் கட்டம் இருந்தது. அதில் என்ன அடிப்பது என்று அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.  காதிலிருந்த பேனாவை எடுத்தார், திருப்பிச் செருகினார். ஏதோ ஒரு சொல்லை அடித்தார். ஆயிரக்கணக்கில் என்னென்னவோ வந்து விழுந்தது. அதை எப்படிச் சுருக்குவது என்பதுதான் பாடமே. அவருக்குத் தெரியவில்லை.

“மைக் சரியில்ல,” என்றார். விளக்கை அணைக்கச் சொன்னார்.

தணிகாசலம் வெளியே வந்ததும், “மைக் நல்லா தான் கீது மேடம்” என்றார். 

அன்றைக்கு எனக்கு அவர் விளங்கிவிட்டார். அத்தனை டெமோவும், அத்தனை ஒப்பீடும், ஒரு பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவதற்குத்தான். அந்த மனிதருக்குத் தெரியாது, தெரியாது என்பதைச் சொல்லவும் தெரியாது. அன்று மாலை ரயிலில் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. தெரியாததைக் கற்றுக்கொள்ள என்னிடம் கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்திருப்பேன், வெளியே மூச்சு விட்டிருக்க மாட்டேன். அவர் கேட்கவில்லை. மறுநாள் ஸ்டூடியோவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஆந்தையே பேசட்டும் என்று சொல்லிவிட்டார். இரக்கம் அதோடு போயிற்று.

ஆந்தைப் பாடங்கள் வெளிவந்தன. கல்லூரி வாசலில் பேனர் கட்டினார்கள். எல்லாரும் ஒருமுறை திறக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. திறந்தார்கள். கணக்கில் எல்லாரும் முடித்திருந்தார்கள். கல்லூரியை மதிப்பிட வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்து அசந்துபோனார்கள், அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நூலகத்தில் கூட்டம் குறைந்தது. என் டேபிளுக்கு ஒளிந்து ஒளிந்து சில பிள்ளைகள் வருவார்கள். அவர் கண்ணில் பட்டால், “ட்யூட்டோரியல்லயே இருக்கே, மேடத்தை ஏன் தொந்தரவு பண்றீங்க?” என்பார்.

அந்த வருடம் எஸ்தர் மாட்டிக்கொண்டாள்.

எஸ்தர் எம்.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு. செய்யூருக்கு உள்ளே ஒரு காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஊருக்குப் பக்கத்துக் கழிமுகத்து நண்டுகளைப் பற்றி அவள் ஆய்வேடு. அப்பா அந்தோணி, சவுக்குக் கட்டை ஏற்றும் மினி லாரிக்கு டிரைவர். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். அவள் அதிகம் பேசமாட்டாள். நேர் வகுப்புகள் நின்ற பிறகு சேர்ந்தவள் என்பதால் எனக்கும் பழக்கமில்லை. ஆய்வேடுகள் சமர்ப்பிக்கும்முன் நூலகத்தில்தான் ஒரு சாப்ட்வேரில் போட்டு, காப்பி அடித்திருக்கிறார்களா என்று பார்ப்போம். காப்பி இருந்தால் சிவப்பாகக் காட்டும். எஸ்தருடைய ஆய்வேட்டில் அவளே சேற்றில் இறங்கிப் பார்த்து எழுதிய பகுதி சுத்தமாக இருந்தது. முன்னால் பிறர் செய்த ஆய்வுகளைச் சொல்லும் அத்தியாயம் மட்டும் முழுக்கச் சிவப்பு. பத்தி பத்தியாக எடுத்து அப்படியே வைத்திருந்தாள். எடுத்த கட்டுரைகளின் பெயரையெல்லாம் கடைசிப் பக்கத்தில் நேர்மையாகக் கொடுத்திருந்தாள். திருடுகிறவள் அப்படிக் கொடுப்பாளா? எப்படிச் சொந்தமாக எழுதுவது, எந்த இடத்தில் பெயர் போடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. வழக்கமாக இப்படி வந்தால் கூப்பிட்டுச் சொல்லி, திருத்தி வாங்கிக்கொள்வோம்.

“திருத்தச் சொல்லலாம் சார். ஒரு வாரத்துல முடிச்சிடுவா,” என்றேன்.

அவர் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க. ரெஃபரன்ஸ் எப்படிக் குடுக்குறதுங்கிற பாடத்தை இந்தப் பொண்ணு முடிச்சிருக்கா. படிச்சிட்டுத் தெரிஞ்சே பண்ணியிருக்கா. இதை விட்டா என் ட்யூட்டோரியலுக்கு என்ன மரியாதை?”

பிரின்சிபாலுக்கு எழுதிப் போட்டுவிட்டார். விசாரணை என்று ஆனது. குற்றம் நிரூபணமானால் அந்த வருடம் அவளுக்குப் பட்டம் கிடையாது.

விசாரணை அன்று காலை எஸ்தர் நூலக வாசலில் அவள் அப்பாவோடு நின்றாள். அந்தோணி லுங்கியை மாற்றி வேட்டி கட்டிவந்திருந்தார். உள்ளங்கை முழுக்கச் சவுக்குப் பட்டையின் கறை. என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“மேடம், எங்க வூட்ல யாரும் எதையும் எடுத்தது கெடையாது. எம்பொண்ணு இன்னாத்தத் திருடினாள்னு மட்டும் சொல்லுங்க. எங்க இருந்து எடுத்தாளோ அங்கியே நான் திருப்பிக் குடுத்துர்றேன்.”

 எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு, “அப்படி இல்லப்பா அது” என்றாள். மேற்கொண்டு அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. தான் செய்த தப்பு என்ன என்பதே அவளுக்குத் தெரியாது.

“ஆந்தைப் பாடம் பார்த்தியா?” என்று கேட்டேன்.

“தொறந்தேன் மேடம். எங்க வூட்ல போன் தான் கீது. வெள்ளையா வந்துச்சு. அப்புறம் கை தட்டுற சத்தம் கேட்டுச்சு. அவ்ளோதான்னு நெனச்சேன்.”

பிரின்சிபால் அறையில் அவர் முதலில் பேசினார். நன்றாகப் பேசினார். அறிவுத் திருட்டு, கல்லூரியின் பெயர், உலகத் தரம். துறைத்தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பிரின்சிபால் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து பிரின்சிபாலிடம் சொன்னேன். “சார், அந்தப் பாடத்தை இப்ப உங்க போன்ல ஒரு தடவை திறந்து பாருங்க.”

“இதுக்கும் அதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?” என்றார் அவர்.

“பாடம் படிச்சும் பண்ணினாங்கிறதுதானே சார் குற்றச்சாட்டு? பாடத்தைப் பார்த்துடலாமே.”

பிரின்சிபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் தேடித் திறந்தார். மேசையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். வெள்ளைத் திரை. ஒரு வட்டம் சுற்றியது. ஆந்தை வரவில்லை, ஒரு எழுத்து வரவில்லை. கொஞ்ச நேரம் அந்த வெள்ளையையே ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று போனிலிருந்து கைதட்டல் எழுந்தது. பலமான கைதட்டல், ஏதோ கல்யாண மண்டபத்தில் தட்டுவது மாதிரி. ‘வாழ்த்துகள், நீங்கள் இந்தப் பாடத்தை முடித்துவிட்டீர்கள்’ என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது.

வெளியே நின்றிருந்த அந்தோணி சத்தம் கேட்டு, முடிவு சாதகமாகிவிட்டது என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

“நான் முடிச்சிட்டேனா?” என்று கேட்டார் பிரின்சிபால்.

“ஆமா சார். எஸ்தர் முடிச்ச மாதிரியேதான். திறந்தாலே முடிச்சதாகக் காட்டணும்னு நம்ம லைப்ரரியன் சார்தான் கம்பெனிக்காரர்கிட்ட சொல்லி வச்சாங்க. நான் பக்கத்துல இருந்தேன்,” என்றேன்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? தலை குனிவான். கோபப்படுவான். அந்தப் பெண்ணைப் பார்த்து ஏதாவது முணுமுணுப்பான். இவருடைய முகத்தில் ஒரு கணம் நிறம் போனது உண்மை. அடுத்த கணம் பேனாவைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

“இதைத்தான் சார் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன். இந்த ப்ராடக்ட் மொபைல்ல சரியா வராது. இதைவிட நல்லது ஒண்ணு மார்க்கெட்டுக்கு வந்திருக்கு. போன வாரம்தான் டெமோ பார்த்தேன். அதுல மனுஷன் மாதிரியே ஒரு உருவம் பேசும்.”

பிரின்சிபால் அவரையே பார்த்தார். அவர் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. “அதைப் பற்றி அப்புறம் பேசலாம்” என்று மட்டும் சொன்னார். எஸ்தரிடம் திரும்பி, அத்தியாயத்தைத் திருத்திக் கொடும்மா, மேடம்கிட்ட கேட்டுக்கோ என்றார். குற்றச்சாட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

எஸ்தரிடம் எங்கள் தலைமை நூலகர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வரும்போது, அவளையும் அந்தோணியையும் தாண்டி, போனில் யாரிடமோ பேசிக்கொண்டே போனார். அந்தோணி ஒதுங்கி நின்று அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்கு அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும்போல இருந்தது.

எஸ்தர் தினமும் மத்தியானம் என் டேபிளுக்கு வந்தாள். ஒரு பத்தியை முதலில் படி, புத்தகத்தை மூடு, உங்க அப்பாவுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லு, இப்போது அதை எழுது, யார் கண்டுபிடித்தது என்று அங்கேயே பெயரைப் போடு. இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள். நண்டு எப்போது ஓடு கழற்றும் என்று அவள் சொல்லும்போது, எழுதிய பேராசிரியர்களைவிட அழகாகச் சொன்னாள். அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்த டெமோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வேடு போய்ச் சேர்ந்தது, அவள் தேறினாள். இப்போது கடற்கரைப் பக்கம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணையில் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். அப்பாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாள்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. மனிதன்போலப் பேசும் உருவத்தைக் கல்லூரி வாங்கியது. அது பேச ஆரம்பிக்கும்முன் அவர் இதைவிடப் பெரிய இடத்துக்குப் போய்விட்டார். பல கல்லூரிகளுக்குத் தொழில்நுட்ப ஆலோசகர். நூலகத்தில் நேர் வகுப்புகளை நான் மறுபடி ஆரம்பித்தேன், என் போன் பதிவுகளையும் அனுப்புகிறேன். குக்கர் விசிலை எடுக்கவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

போன வருடம் மாமல்லபுரத்தில் நூலகர்களுக்கு ஒரு பயிலரங்கம் நடந்தது. இணையவழி நூலகப் பாடங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது தலைப்பு. பேசுபவர் அவர். போகக் கூடாது என்று நினைத்தேன், கல்லூரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தார். சட்டை அப்படியே கசங்காமல் இருந்தது. இப்போது தடுமாறாமல் பேசினார். கட்டத்தில் சொல் அடிக்க வேண்டிய அவசியம் இல்லாத பேச்சு அது.

பாதியில் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். என்கிட்ட ஒரு பொண்ணு. ரொம்பப் பின்தங்கின கிராமம். போன் மட்டும்தான் இருக்கு. ப்ளேஜரிஸம் கேஸ்ல மாட்டிக்கிச்சு. எல்லாரும் அதைத் தண்டிக்கணும்னாங்க. நான்தான் சார் சொன்னேன், தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல, நாம தேர்ந்தெடுத்த டெக்னாலஜி மேலன்னு. அன்னைக்கு அந்தப் பொண்ணைக் காப்பாத்தினது ஒரு சரியான கேள்வி. இது மொபைல்ல ஓடுமா?”

அரங்கம் அசைந்தது. எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கும்போது வருவது மாதிரி ஒன்று வந்தது.

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தேன். என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு. தெரிந்தும், “யெஸ் மேடம், நீங்க எந்த காலேஜ்?” என்றார்.

நான் காலேஜைச் சொல்லவில்லை. “அந்தப் பொண்ணு பேர் என்ன சார்?”

அவர் வாய் திறந்தது. ஒரு நிமிடம் அவர் நிஜமாகவே தேடினார், அது எனக்குத் தெரிந்தது. அவர் வாயில் ஒருநாளும் ஏறாத பெயர், எங்கே கிடைக்கும்?

“பேர் சொல்லக் கூடாது மேடம்,” என்றார் சிரித்துக்கொண்டே. “ப்ரைவசி.”

அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள், நியாயம்தானே என்பதுபோல. நான் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் கீழே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவரைப் பார்த்து, “அடுத்த ஸ்லைடு” என்றார்.